பாசி எறிந்த கை

காணொளி அரை நிமிடம்கூட ஓடவில்லை. அதற்குள் ஒரு கல்யாணத்தையே கவிழ்த்துவிடும் போலிருந்தது.

பதுளை பஜாரில் ஜெயராசாவின் புடவைக்கடைப் பின்னறையில், பிரிக்காத துணிக்கட்டுகளுக்கு நடுவே நின்றபடி, வீரசிங்கம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தம்பியின் கைபேசியை மறுபடியும் பார்த்தார். திருகோணமலைக் கடல். தூரத்தில் பச்சைப் பொட்டுகளாய்ச் சின்னச் சின்னத் தீவுகள். நீலத் தண்ணீரில் ஒரு மஞ்சள் கயாக். இரண்டு பேர் முன்னும் பின்னுமாய் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு. பின் இருக்கையில் துவாரகன். முன் இருக்கையில் ஒரு பெண். அகலமான ஓலைத் தொப்பி அவள் முகத்தை முழுதாய் மறைத்திருந்தது. நீளக்கைச் சட்டை, காற்சட்டை, மேலே செம்மஞ்சள் மிதவைச் சட்டை. அவள் துடுப்பில் கடற்பாசி ஒரு கொத்து சிக்கிக்கொண்டது. ஒரு கையால் அதைப் பறித்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்பக்கம் வீசினாள். பாசி துவாரகனின் முகத்தில் போய் அப்பிக்கொண்டது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். அத்தோடு சரி.

"பார்த்தீங்களா அண்ணே!" என்றான் ஜெயராசா. "இன்னிக்கு சாயங்காலம் நிச்சயம். சமையல்காரன் வந்து அடுப்பு மூட்டிட்டான். என் மகளைக் கட்டிக்கப் போறவன் எவளோ ஒருத்திகூட கடல்ல கொஞ்சி வெளையாடுறான். கூடப் போன எவனோ படம் புடிச்சுப் போட்டிருக்கான், பஜார் பூரா போன்ல பார்த்துச் சிரிக்குது."

துவாரகன் வெளியூரான் இல்லை. பதுளைப் பையன்தான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திருகோணமலையில் தங்கி, வருகிறவர்களைக் கயாக்கில் ஏற்றித் தீவு தீவாக அழைத்துப்போவது அவன் தொழில்.

"அவனைக் கேட்டியா?"

"கேட்டேன். தப்பா ஒண்ணும் இல்லேங்கிறான். ஆள் யாருன்னு மட்டும் வாயைத் திறக்கல. வாக்குக் குடுத்திருக்கானாம். அனுமதி கெடச்சாத்தான் சொல்லுவானாம். அது வரைக்கும் கல்யாணமே நின்னாலும் சொல்ல மாட்டானாம்."

கதவோரம் விதுர்ஷா நின்றிருந்தாள். அழுது முடித்து முகம் கழுவிய கண்கள்.

"பெரியப்பா, அவரு பொய் சொல்ற ஆள் இல்ல. ஆனா அது யாருன்னு தெரியாம நான் இன்னிக்கு சபையில வந்து உட்கார மாட்டேன். நாளைக்கு ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

வீரசிங்கத்தின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்கு மேல் நிமிர அதில் இடமே இல்லை என்றுதான் பஜாரில் சொல்வார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்த மூட்டையில் எந்தத் தோட்டத்துத் தூள் கலந்திருக்கிறது என்பதை மோந்து பார்த்தே சொல்லி, திருட்டுத் தூள் விற்றவர்கள் பலரைப் பிடித்துக் கொடுத்த மூக்கு அவருடையது. ஓய்வுக்குப் பிறகு ஊரில் எது காணாமல் போனாலும், எவர் பொய் சொன்னாலும் அந்த மூக்கைத் தேடித்தான் வந்தார்கள். ஆனால் இது தன் குடும்பம். தன் தம்பி மகள்.

"கேட்டுக்க ஜெயராசா," என்றார். பின்னறைக்குச் சொன்னது முன்கடை வரைக்கும் கேட்டது. "யார் வீட்டுப் பொம்பளையா இருந்தாலும் சரி, வீட்டுக்குச் சொல்லாமக் கடலுக்குப் போயிருக்கா. தன் வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாத ஆம்பளை எவனோ ஒருத்தன் இருக்கான். சாயங்காலத்துக்குள்ள அந்த வீட்டைக் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சதும் சொல்றேன், அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

"சபாஷ்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கருப்பம்மா. வீரசிங்கத்தின் மனைவியின் தங்கை. பஜாரில் தையல்கடை வைத்திருப்பவள். அத்தான் துப்பறியப் போகிறார் என்றால் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவாள். "அத்தான், கொஞ்சம் அசையாம நில்லுங்க. காலர்ல கீரைத் தண்டு ஒண்ணு ஒட்டியிருக்கு." அவள் அதை இரண்டு விரலால் எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இஸ்திரி போட்ட சட்டையை யாரோ குப்பைக்கூடைன்னு நினைச்சிட்டாங்க போல."

"அது வீட்டு விஷயம்," என்றார் வீரசிங்கம். "நட."

* * *

ஆட்டோ ஹாலிஎல வீதியில் ஏறும்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். துவாரகன். துண்டித்தார்.

"காலையில இருந்து அடிக்கிறான். கெஞ்சிப் பார்ப்பான். எடுக்க மாட்டேன்."

"உங்க வீட்டுக்கு இருக்கிறதே இந்த ஒரு போன்தானே அத்தான். வேற யார்கிட்டயாவது பேசணும்னு அடிக்கிறானோ என்னமோ."

"என் போன்ல என்னைத் தவிர யார்கிட்ட பேசணும்?"

"அதானே," என்றாள் கருப்பம்மா, வெளியே வேடிக்கை பார்த்தபடி. "இந்த விஷயத்தை அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"தொழில் விஷயத்தை நான் வீட்டுல பேசுறது கிடையாது."

"அதுவும் அதானே."

ஒரு பழைய நெல் களஞ்சியத்தின் முன்னால் ஆட்டோ நின்றது. கிழக்கில் காற்று மாறிவிட்டால் கயாக் இறக்க முடியாது. போன வாரத்தோடு பயணங்களை முடித்துக்கொண்டு, எல்லாக் கயாக்குகளையும் லொறியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மலைக்கு நடுவே, நெல் மணம் போகாத இருட்டில், மஞ்சளும் சிவப்புமாய் அவை வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. துவாரகனின் கூட்டாளி றுஷ்தி குழாய்த் தண்ணீரைப் பீச்சி உப்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க சேர். நீங்க வருவீங்கன்டு தெரியும். உட்காரத்தான் நாற்காலி இல்ல."

"நிக்கிறது எனக்குப் பழக்கம். அந்தப் பெண் யார்?"

"சொல்ல ஏலாது சேர். நானும் வாக்குக் குடுத்தவன்." றுஷ்தி குழாயை மூடினான். மூலையில் கிடந்த மஞ்சள் கயாக்கைக் கண்ணால் காட்டினான். "ஆனா இந்தக் கயாக் வாக்கு ஒண்டும் குடுக்கல்ல. இன்னும் கழுவவும் இல்ல. அது வாய் திறந்து பேசினா, நான் தடுக்க மாட்டேன்."

வீரசிங்கம் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார். காற்சட்டையின் மடிப்புக் கலையாமல் இரண்டு முழங்காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, சீமெந்துத் தரையில் கிடந்த கயாக்கின் முன் இருக்கையில் இறங்கினார். இறங்கியதும் தெரிந்தது, ஏறுவது அவ்வளவு சுலபமில்லை என்று. காலை உதைத்துக்கொள்ளும் இரண்டு கட்டைகளும் மிக அருகில் இருந்தன. அவர் முழங்கால்கள் இரண்டும் தாடைக்கு நேராக வந்து நின்றன. அப்போதும் முதுகு வளையவில்லை.

"அத்தான்," என்றாள் கருப்பம்மா, "கல்யாணக் கார்ல ஊர்வலம் போற மாதிரியே இருக்கு. கையை மட்டும் ஆட்டிட்டீங்கன்னா போதும்."

"பேசாத. இந்தக் கட்டையை ஆளோட கால் நீளத்துக்குத் தகுந்த மாதிரி நகர்த்தி வைக்கிறதா, றுஷ்தி?"

"ஓம் சேர்."

"அப்போ அவள் குள்ளமானவள்."

"பிரமாதம். பதுளையில பாதிப் பேரை விலக்கியாச்சு," என்றாள் கருப்பம்மா.

அவர் இருக்கையில் தொங்கிய மிதவைச் சட்டையை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். முதலில் உப்பு. அதற்குக் கீழே வெயிலில் காய்ந்த ரப்பர். அதற்கும் கீழே, வலது தோள்பட்டையில் மட்டும், காரமாக ஒரு வாசனை.

"தைலம். தோள்வலித் தைலம். பஸ் நிலையத்துக்கு எதிர்த்தாப்புல நாட்டுமருந்துக் கடையில காய்ச்சிக் குடுக்கிறது. வேற எங்கேயும் இந்தக் கற்பூரக் காரம் வராது." அவர் திருப்தியோடு தலையசைத்தார். "நல்ல தைலம். நானே அதுதான் வாங்குவேன்."

"தெரியும் அத்தான். போன வாரம்கூட வாங்குனீங்க."

"ஆக, இவள் இளம்பெண் இல்லை. தோளில் தைலம் பூசிக்கொள்கிற வயசு." கண்டுபிடிப்பின்போது அவர் பேச்சு தானாகவே மேடைத் தமிழாகிவிடும். "அப்படியென்றால் கொஞ்சல் இல்லை. காதலும் இல்லை. பிறகு பாசியை ஏன் அவன் முகத்தில் எறிந்தாள்?"

"கோபமோ?"

"அந்தத் துடுப்பை எடு. ஒரு துணியைச் சுற்று."

றுஷ்தி ஈரத்துணி ஒன்றைத் துடுப்பில் சுற்றிக் கொடுத்தான். வீரசிங்கம் காற்றில் இரண்டு தடவை துடுப்புப் போட்டார். துணியைப் பிடுங்கினார். பக்கத்தில் போட்டார். மறுபடியும் சுற்றச் சொன்னார். பிடுங்கினார். பக்கத்திலேயே போட்டார். அப்படியே அசையாமல் இருந்துவிட்டார்.

"என்ன அத்தான், மாட்டிக்கிட்டீங்களா? எண்ணெய் கொண்டு வரவா?"

"கருப்பம்மா, சுத்திலும் கடல். கையைப் பக்கத்தில் நீட்டி விட்டாலே பாசி தண்ணீரில் விழுந்துவிடும். நான் அப்படித்தான் போட்டேன். எவனும் அப்படித்தான் போடுவான். இவள் மட்டும் ஏன் தோளுக்கு மேலே, பின்னால் எறிந்தாள்? பின்னால் என்ன இருந்தது?"

"துவாரகன் இருந்தான்."

"அவள் அவனை நினைக்கவே இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கலையே! அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம், பறித்ததைப் பின்னால் போட வேண்டும். பின்னால் எப்போதும் ஒன்று தொங்கும்." அவர் கண்கள் பளிச்சிட்டன. "கூடை! இது கொழுந்து எடுத்த கை! கை நிறைஞ்சதும் தோளுக்கு மேலே கூடைக்குள்ள வீசின கை. வேலையை விட்டு எத்தனை காலமானாலும் கூடையை மறக்காத கை!"

றுஷ்தி கை தட்டினான். கருப்பம்மா கைகளைக் கட்டிக்கொண்டு அத்தானைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பாராட்டு பாதி. மீதி என்னவென்று அவருக்கு விளங்கவில்லை.

"ஆக, குள்ளம். நடு வயசு தாண்டினவள். ஒரு காலத்தில் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். இப்போ பதுளை டவுனில் தைலம் வாங்குகிறவள்," என்றார்.

"ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல நானும்தான் கூடை மாட்டினேன். தையல் மெஷின் வாங்குற வரைக்கும் மாட்டினேன். என்னைச் சந்தேகப்படலையா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "நீ உயரம். அது போக, அந்தப் பயணம் போன சனிக்கிழமைன்னு காணொளியிலேயே தேதி இருக்கு. அன்னிக்கு நீதானே எனக்கு தோசை சுட்டுக் குடுத்த. உன் அக்கா கொஸ்லந்தவுக்கு வளைகாப்புக்குப் போயிருந்தா."

"ஆமா. அக்கா ஊர்ல இல்ல," என்றாள் கருப்பம்மா, ஒவ்வொரு சொல்லாக.

"ஞாபகம் இருக்கு. தோசை கருகியிருந்துச்சு."

கருப்பம்மா கூரையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அவளும் றுஷ்தியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கயாக்கிலிருந்து பிடுங்கி எடுத்தார்கள்.

"இப்பவே ஸ்பிரிங்வெளி லயத்து வீடுகளுக்குப் போறோம்," என்றார், சட்டையை நீவிவிட்டபடி. "அங்கே இருந்து டவுனுக்கு வந்த குடும்பங்களை விசாரிச்சா ஒரு மணி நேரத்துல ஆள் கிடைச்சிரும்."

"போலாம். ஆனா வயித்துல ஒண்ணுமில்லாம அந்த ஏத்தம் ஏற என்னால முடியாது. முதல்ல வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். ஆள் எங்கேயும் ஓடிறாது அத்தான். நான் பொறுப்பு."

* * *

வீட்டில் இராக்கம்மா அடுக்களை வாசலில் மணைக்கட்டையில் உட்கார்ந்து, மறுநாளைக்கு முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் வீரசிங்கத்தின் நாற்காலி. கல்யாணமான காலத்திலிருந்து அவர் பத்திரிகை படிக்கும் இடம்.

"வந்துட்டீங்களா. சோறு போட்டுட்டேன், மேசையில மூடி வெச்சிருக்கேன். ரசம் சுடுது, அஞ்சு நிமிஷம் இருங்க."

"சரி," என்று அவர் நாற்காலியில் அமர்ந்தார். சும்மா இருக்க முடியாமல், தம்பி தன் போனுக்கு அனுப்பியிருந்த காணொளியைத் திறந்தார். கடல். தீவுகள். மஞ்சள் கயாக். ஓலைத் தொப்பிக்காரி பாசியைப் பறித்தாள். தோளுக்கு மேலே வீசினாள்.

சொத்தென்று ஒரு கீரைத் தண்டு போன் திரையின் மேல் விழுந்தது.

வீரசிங்கம் தண்டைப் பார்த்தார். தண்டு வந்த திசையைப் பார்த்தார். இராக்கம்மாவின் முதுகு. குள்ளமான முதுகு. அவள் கை இன்னொரு தண்டை ஒடித்து, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலே வீசியது. அது அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டு மடியில் விழுந்தது. போன வாரம் கொஸ்லந்தவிலிருந்து வந்தவள், "அங்க ஒரே வெயில்" என்று கறுத்துப்போய் வந்தது நினைவுக்கு வந்தது. வளைகாப்பில் மாவு இடித்தேன், தோள் விட்டுப்போச்சு என்றது நினைவுக்கு வந்தது. போகுமுன் ஒரு புட்டி, வந்தபின் ஒரு புட்டி என்று தைலம் வாங்கிக் கொடுத்ததும் அவரேதான்.

திருட்டுத் தூளை மூட்டைக்கு வெளியிலிருந்தே கண்டுபிடித்த மூக்கு அது.

"இராக்கு," என்றார். "திருகோணமலையில... தண்ணி உப்பா இருந்துச்சா?"

கீரை ஆயும் கை நின்றது. அவள் மெதுவாகத் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. பிடிபட்ட கூச்சம் மட்டும் கொஞ்சம்.

"ரொம்ப உப்பு," என்றாள். "ஆனா அழகுங்க. ஒரு தீவைச் சுத்தி வந்தா அடுத்த தீவு நிக்குது. கண்ணுக்கு அலுக்கவே இல்ல. உங்களைக் கூட்டிப் போகச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன். 'கடல்ல என்ன இருக்கு, தண்ணிதானே'ன்னீங்க."

"அதுக்காகப் பொய் சொல்லிட்டுப் போறதா?"

"கொஸ்லந்தவுக்கும் போனேன். வளைகாப்புல சாப்பிட்டுட்டு அங்கேயே வேன்ல ஏறிட்டேன். சொன்னா விட்டிருப்பீங்களா? ஆனா நான் கடல் பார்க்க மட்டும் போகல." அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பொண்ணைக் குடுக்குறோம். நீங்களும் தம்பியும் ஜாதகம் பார்த்தீங்க, குலம் கோத்திரம் பார்த்தீங்க, அவன் சட்டை வெளுப்பைக்கூடப் பார்த்தீங்க. அவனை யாரு பார்த்தது? ரெண்டு பேர் ஒரே படகுல உட்கார்ந்து துடுப்புப் போட்டா ஆள் எப்படின்னு தெரிஞ்சிரும். எனக்குக் கை தளர்ந்தப்ப அவன் அவசரப்படுத்தல. பயந்தப்ப சிரிக்கல. முகத்துல பாசி அடிச்சப்பத்தான் சிரிச்சான்."

"அது பழக்க தோஷம்தானே? கூடை ஞாபகம்?"

"முதல் தடவை பழக்கம்," என்றாள் இராக்கம்மா. "அடுத்த தடவை வேணும்னேதான் எறிஞ்சேன். அதுக்கும் சிரிச்சான். பையன் தங்கம்னு முடிவு பண்ணிட்டேன்."

கருப்பம்மா கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று உறுமினார் வீரசிங்கம்.

"அந்தக் கையை நான் சின்னப் புள்ளையில இருந்து பார்க்குறேன் அத்தான். காலையில பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. நீங்களே கண்டுபிடிச்சா மரியாதையா இருக்கும்னு விட்டேன். சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா நான் சொல்லியிருப்பேன்."

நடந்ததெல்லாம் அப்போதுதான் இராக்கம்மாவுக்குச் சொல்லப்பட்டது. காணொளி, பஜார், விதுர்ஷா சபைக்கு வர மறுத்தது எல்லாம். அவள் முகம் மாறிவிட்டது.

"அய்யோ, அந்தப் பையன் நான் கேட்டுக்கிட்டேன்னு வாயைத் திறக்காம இருக்கானா? எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே!"

வீரசிங்கம் கையிலிருந்த போனை நீட்டினார். எடுக்காத அழைப்புகள் திரை நிறைய இருந்தன.

இராக்கம்மா அவனை அழைத்து இரண்டு வார்த்தை பேசினாள். வைத்தாள். "வாங்க, சாப்பிட்டுக் கிளம்புவோம். நேரமாகுது."

"அக்கா, அவசரப்படாதே," என்றாள் கருப்பம்மா. "அத்தானால சாப்பிட முடியாது. அந்தப் பொம்பளை வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு கடை நிறைய ஆளுங்களுக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டு வந்திருக்காரு."

மேசையில் ரசம் ஆவி விட்டது. அந்த மணம் அவர் மூக்கை எட்டியது. வீரசிங்கம் எழுந்து மேசைக்கு முன்னால் போய் நிமிர்ந்தே நின்றார்.

* * *

சாயங்காலம் ஜெயராசாவின் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. மறுபக்கம் பெண் வீட்டார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. விதுர்ஷா உள்ளறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். நடுவே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தொடுவாரின்றிக் கிடந்தது.

வீரசிங்கம் எழுந்தார். குடும்பத்தில் மூத்தவர் எழுந்தால் கூடம் அமைதியாவது வழக்கம்.

"அந்தப் படகில் இருந்த பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டேன்," என்றார். "என் மனைவி."

முதலில் கேட்டது விதுர்ஷாவின் சிரிப்பு. "பெரியம்மாவா! காற்சட்டை போட்டுக்கிட்டா!" என்று ஓடிவந்து இராக்கம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பெண்ணைக் கொடுக்குமுன் பையனைப் பார்த்துவர என் வீட்டிலிருந்து ஆள் போயிருக்கிறது. போனது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது என் குறை. அவளுக்குக் கொடுத்த வாக்குக்காகத் தன் கல்யாணத்தையே விடத் துணிந்த பையன் இவன். இதற்கு மேல் இந்தக் குடும்பத்துக்கு என்ன மரியாதை வேண்டும்? தாம்பூலம் மாற்றுங்கள்."

ஜெயராசா மெல்ல அண்ணன் பக்கம் குனிந்தான். "அண்ணே... காலையில அந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு..."

"நனைச்சாச்சு," என்றார் வீரசிங்கம், முன்னால் பார்த்தபடியே. "ரசம் ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சேன்."

சிரிப்பு அடங்கும் முன்னே அவர் துவாரகனைக் கையசைத்து அழைத்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்தாலும் கூடம் முழுதும் கேட்கும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

"தம்பி, அடுத்த பருவத்துல அந்த மஞ்சள் கயாக்கை வேற யாருக்கும் குடுக்காத. முன் சீட்டுக் கட்டையை நகர்த்தாத, அது அவ கால் அளவுக்கே இருக்கட்டும். பின் சீட்டுக் கட்டையை மட்டும் எனக்குத் தகுந்த மாதிரி தள்ளி வை."

"சரிங்க பெரியமாமா."

"முகம் துடைக்க ஒரு துண்டும் எடுத்துக்குங்க," என்றாள் இராக்கம்மா.

தாம்பாளத்தின் முன் அமர்ந்து அவள் வெற்றிலை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகக் காம்பு கிள்ளினாள். கிள்ளிய காம்பு தோளுக்கு மேலே பறந்து, பின்னால் நிமிர்ந்து நின்றவரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. கருப்பம்மா எடுக்கக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும்," என்றார் வீரசிங்கம்.